கல்லை அசைக்கும் முன்



கோதுமை வயலில் களை முளைத்த உவமையை நாம் எல்லாரும் அறிவோம். உடனே போய்ப் பறித்துவிடலாமா என்று பணியாளர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்கிறார் வயலுக்கு உரியவர். களையோடு கோதுமையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்பது அவருடைய கவலை. மண்ணுக்குள் வேர்கள் பின்னிக் கிடப்பது அந்தப் பணியாளர்களுக்குத் தெரியாததா என்ன? ஆனால் அவசரம் வந்துவிட்டால் தெரிந்ததும் மறந்துபோகும். இன்று அந்த வயலை ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் பார்ப்போம்.

ஜெர்மனியில் நான் சில ஆண்டுகள் பணியாற்றிய பங்கில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டு முன்னறையில் ஐந்தடி நீளத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி. உள்ளே உயிருள்ள பவளங்கள். 16 ஆண்டுகளாக அவர் வளர்த்தவை. அந்த நாட்டில் இந்தப் பொழுதுபோக்கு பலருக்கு உண்டு. ‘பெர்லின் முறை’ என்றே ஒரு வளர்ப்பு முறைக்குப் பெயர் வந்துவிட்டது. (நம் நாட்டில் கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் கடற்கரைக்குப் போய் முருகைக்கல் தேட வேண்டாம்!)

கடல்நீர்த் தொட்டியில் அன்றாடம் ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர் என்றால் நம்புவீர்களா? தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு, 25 டிகிரி வெப்பம் என்ற கணக்கு தவறாமல் இருக்க வேண்டும். பவளம் தன் உடற்கூட்டைக் கட்டக் கட்டத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறையும். அதையும் ஈடுகட்ட வேண்டும். இவையெல்லாம் பழகிவிட்டால் எளிது.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது. தொட்டியில் கிடக்கும் கற்கள் வெறும் கற்கள் அல்ல. மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. கல்லின் மேல் வாழும் நுண்ணுயிர்கள் அதைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுகின்றன. கல்லின் உள்துளைகளில், உயிர்வளி எட்டாத இடத்தில் வாழும் வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டைக் காற்றாக்கி வெளியே விடுகின்றன. புதுத் தொட்டியில் முதல் கூட்டம் குடியேறவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். இரண்டாவது கூட்டத்துக்கு இன்னும் நாள் பிடிக்கும். பார்ப்பவர் கண்ணுக்குப் பாசி பிடித்த அழுக்குக் கல். தொட்டிக்கோ அதுதான் ஈரல்.

பெரியவரின் தொட்டியில் ஒரு கிளைப்பவளம் குடைபோல் விரிந்து, கீழே உள்ளவற்றுக்கு வெளிச்சமே படாமல் செய்துவிட்டது. நீரோட்டம் தடைபட்டுப் பின்மூலையில் கழிவு தேங்கியது. மருமகன் வந்து பார்த்துவிட்டு, “ஒரு சனிக்கிழமை போதும் மாமா. எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவி, அழகாக அடுக்கிவிடலாம்” என்றார். நல்ல பிள்ளை, உதவும் மனசு. பெரியவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

அவர் மறுத்ததில் நியாயம் இருந்தது. பல ஆண்டு மணலைக் கிளறினால் அடியில் அடைந்து கிடக்கும் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு கிளம்பி மீன்களைக் கொன்றுவிடலாம். கல் காய்ந்தால் அதிலுள்ள உயிர்கள் செத்து, அவையே நஞ்சாகும். நிழலில் இருந்த பவளத்தைத் திடீரென்று விளக்கின் கீழ் வைத்தால் வெளுத்துப்போகும். அருகருகே வைத்த இரண்டு பவளங்கள் இரவில் கொடுக்குகளை நீட்டி ஒன்றையொன்று கொட்டும். எல்லாவற்றையும்விட, பொத்தான் போன்ற ஒருவகைப் பவள உயிரில் கொடிய நஞ்சு உண்டு. அது ஒட்டிய கல்லை வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்தவர்கள், அந்த ஆவியைச் சுவாசித்து, குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

அதற்காக அவர் சும்மா இருந்துவிடவில்லை. களையைப் பறிக்காதே என்ற சொல்லைச் சோம்பலுக்குச் சாக்காக வைத்துக்கொள்பவர்கள் நம்மில் உண்டு. தொட்டியை அப்படியே விட்டால் நிழலில் உள்ளவை சாகும். தவக்காலத்தில் தொடங்கிப் பெந்தக்கோஸ்து வரை, இரண்டு வாரத்துக்கு ஒரு மூலை என்று அவர் வேலை செய்தார். முந்தின நாளே உப்புநீர் கலந்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து வைப்பார். கையுறை, கண்ணாடி அணிவார். எடுத்த கல் அதே நீர் நிரம்பிய வாளியில் மூழ்கியே இருக்கும். அந்தக் கல்லைச் சுற்றி ஒரு சாண் மணலை மட்டும் குழாயால் உறிஞ்சி எடுப்பார். திரும்ப வைக்கும்போது கல்லை மணல்மேல் வைக்காமல் கண்ணாடித் தரையிலேயே ஊன்றுவார். இறால் அடியில் வளை தோண்டினாலும் கல் சரியாதல்லவா? கிளைப்பவளத்தை வெட்டிய துண்டுகளைச் சிறு கற்களில் ஒட்டித் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். ஒவ்வொரு துண்டும் புதுப் பவளமாக வளரக்கூடியது. பிறகு அம்மோனியா பார்ப்பார், காத்திருப்பார். வேலையில் பெரும்பங்கு காத்திருப்புதான்.

ஒரு வேடிக்கை. அந்தத் தொட்டியில் சண்டைக்கார நீலமீன் ஒன்று இருந்தது. கற்கள் இடம் மாறியதும் அதற்குத் தன் எல்லை எது என்று தெரியவில்லை; சில நாள் அடங்கிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துப் பெரியவர் புது மீன்களை விட்டார். எல்லைக்கல் போனதால் வழக்கும் போயிற்று!

இதை நான் சொல்வதற்குக் காரணம், நம் ஊர்களில் அடிக்கடி காணும் ஒரு காட்சி. அம்மா இறந்து நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும், பிள்ளைகள் அப்பாவை நகரத்து அடுக்குமாடிக்கு அழைத்துப்போகிறார்கள். பாசத்தால்தான் செய்கிறார்கள். ஒரே வாரத்தில் வீடு விலை பேசப்படுகிறது. கட்டில், பீரோ பழைய சாமான் கடைக்குப் போகின்றன. காலைத் திருப்பலிக்குச் சேர்ந்து நடந்த நண்பர், நாலு மணிக்குக் காப்பிக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரர், முற்றத்து வேம்பு, எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போகின்றன. மூன்று மாதத்தில், “அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது” என்று மருத்துவரிடம் கூட்டிப்போகிறார்கள். (பங்குக்குப் புதிதாக மாற்றலாகி வரும் என்னைப் போன்ற குருக்களுக்கும் இதில் சொல்ல நிறைய உண்டு. அதை எங்கள் கூட்டத்தில் பேசிக்கொள்கிறோம்.)

அப்பா உங்களோடு வரட்டும், தனியாக விட வேண்டாம். முதலில் ஒரு மாதம் வந்திருந்துவிட்டுத் திரும்பட்டும். பிறகு இரண்டு மாதம். பக்கத்துக் கோவிலுக்கு முதல் சில ஞாயிறுகள் நீங்களே கைபிடித்து அழைத்துப்போய் நாலு பேரை அறிமுகம் செய்துவையுங்கள். வீடு ஓராண்டு பூட்டிக் கிடக்கட்டும். சாவி அவர் இடுப்பிலேயே இருக்கட்டும். லாரியில் இடமில்லை என்று சொல்லாமல் அந்தப் பழைய சாய்வு நாற்காலியையும் ஏற்றுங்கள்.