தூதும் காப்பும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'அறிவியலும் தமிழும்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு பணித்தீர்கள். மருத்துவ அறிவியல் என் துறையன்று. என் அன்னையாரின் முழங்கால் வலியே என்னை அதன் வாயிலுக்கு அழைத்துச் சென்றது. குருத்தணுவிலிருந்து பெற்ற எக்சோசோம் என்னும் மருந்தை மூட்டில் செலுத்தினால் வலி அறவே நீங்கும் என்றார்கள் ஒரு மருத்துவமனையில். விலையோ என் பல மாத ஊதியம். உயிர்வேதியியல் பயின்ற என் பழைய மாணவி ஒருத்தி சொல்லியனுப்பியபடி, "இம்மருந்தை எந்தக் குளிர்நிலையில், எத்தனை நாளாக வைத்திருக்கிறீர்கள்?" என்று வினவினேன். விடை வரவில்லை. அவ்வினா ஏன் இன்றியமையாதது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் சொல்லைத் தெளிவோம். 'செல்' என்றதும், சுவடிகளோடு பழகிய எனக்கு ஓலையை அரிக்கும் கறையானே நினைவிற்கு வரும். ஆகவே உயிரணு என்றே கூறுகின்றேன். தானும் பெருகி, வேறு வகை அணுக்களாகவும் மாறவல்லது குருத்தணு. எலும்பு மச்சை, கொழுப்பு, கொப்பூழ்க்கொடி ஆகியவற்றிலிருந்து அதனைப் பெறுவர். உயிரணுக்கள் தம்மிடமிருந்து மிகச் சிறிய பைகளை வெளியே விடுகின்றன. அவற்றை நுண்பைகள் எனலாம். எக்சோசோம் அவற்றுள் ஒரு வகை. அதன் அளவு ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே நானோமீட்டர் என்றால் அதன் சிறுமை விளங்கும்.

1983ஆம் ஆண்டில், கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்து ரோஸ் ஜான்ஸ்டன் குழுவினர், ஆட்டின் முதிர்ந்துவரும் செங்குருதியணுக்களில் இப்பைகளைக் கண்டனர். அணு தனக்கு வேண்டாததைக் கழிக்கும் வழி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2007இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், இப்பைகள் ஆர்.என்.ஏ. என்னும் செய்தியை ஓரணுவிலிருந்து மற்றோரணுவிற்கு எடுத்துச் செல்கின்றன என்று காட்டினர். குப்பை என்று எண்ணியது தூது என்று தெரிந்தது! 2010இல் சிங்கப்பூரின் சாய் கியாங் லிம் குழுவினர், குருத்தணு விடுத்த நுண்பைகள் சுண்டெலியின் மாரடைப்புச் சிதைவைக் குறைத்ததைக் கண்டனர். குருத்தணுவே வேண்டியதில்லை, அது விடுக்கும் தூது போதும் என்னும் நம்பிக்கை வலுப்பெற்றது.

ஆனால் தூது வழியில் கெடலாம். நுண்பையைச் சூழ்ந்திருப்பது மெல்லிய கொழுப்புச் சவ்வு. குளிர்பெட்டியில் 4 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நாள்கணக்கில் வைத்தால் பைகள் குறைகின்றன. குழாயின் சுவரிலும் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே நெடுநாள் காக்கச் சுழியத்திற்குக் கீழே 80 பாகையில் உறையவைப்பது வழக்கம். அதிலும் இடர் உண்டு. பனிப்படிகம் சவ்வைக் கிழிக்கலாம். நீர் உறைய உறைய எஞ்சிய நீரில் உப்புச் செறிவு மிகும். உருக்கி மீண்டும் உறையவைத்தால் பைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், உள்ளிருப்பதும் கசியும். எண்ணிப் பார்த்தால் பைகள் இருக்கும். அவற்றின் ஆற்றல் இருக்குமா என்பது வேறு வினா. சீர் எண்ணிச் சரியென்று சொல்லிவிடலாம், கவிதை அங்கே உயிரோடிருக்கிறதா என்பது வேறு வினா அன்றோ? உங்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மாற்றும் காண்கின்றனர். டிரெகலோஸ் என்னும் சர்க்கரை, காளானிலும் நொதிமத்திலும் உள்ளது. அது நீரின் இடத்தில் நின்று சவ்வைத் தாங்கும். அல்புமின் என்னும் புரதம், பைகள் குழாயில் ஒட்டாமல் தடுக்கும். இவ்விரண்டையும் சேர்த்த கரைசலில் நுண்பைகள் நன்கு நிலைத்தன என்று 2022இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உறையவைத்து, வெற்றிடத்தில் நீரை நீக்கிப் பொடியாக்கும் முயற்சியும் நடைபெறுகின்றது. பொடி நிலைத்தால் கடுங்குளிர் வேண்டாம், மின்சாரம் தடைப்படும் சிற்றூருக்கும் மருந்து செல்லும். 2020ஆம் ஆண்டின் இறுதியில், சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 70 பாகை வேண்டிய தடுப்பூசி, அத்தகைய பெட்டியில்லாத ஊர்களுக்குச் செல்ல எவ்வளவு இடர்ப்பட்டது என்பதை நாம் அறிவோம். காக்கும் முறையே மருந்து யாருக்குக் கிட்டும் என்பதையும் முடிவு செய்கின்றது.

ஆனால் ஆய்வு நிறைவுறும் முன்பே வாணிகம் முந்திக்கொண்டது. 2019 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், தன் ஒப்புதல் பெற்ற எக்சோசோம் மருந்து ஒன்றும் இல்லை என்று அறிவித்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் இத்தகைய மருந்து பெற்றோர் கடுந்துன்பத்திற்கு ஆளானதையும் சுட்டி எச்சரித்தது.

என் அன்னையார் அவ்வூசியைப் போட்டுக்கொள்ளவில்லை. வலி நீங்கவில்லை. மாடிப்படி ஏறும்போது என் தோளைப் பற்றிக்கொள்கின்றார். நாளை இம்மருந்து மெய்ப்பிக்கப்பட்டால் முதல் வரிசையில் அவரை அழைத்துச் சென்று நிற்பேன். அன்றும் அதே வினாவைக் கேட்பேன்.

கவிஞர்களே, இத்துறைக்குத் தமிழில் இன்னும் சொற்கள் போதவில்லை. சொல் இல்லாத இடத்தில் நோயாளி வினா எழுப்ப இயலாது. வினா எழாத இடத்தில் விலை மட்டுமே பேசும். பத்தாண்டுகள் தமிழைக் காத்த இவ்வட்டம், இச்சொற்களையும் ஆக்கித் தர வேண்டும் என்று வேண்டி அமைகின்றேன்.