டிராயரில் பூட்டிய பாஸ்போர்ட்

(அனைத்துலகப் புலம்பெயர்ந்தோர் தினத்தையொட்டி நடந்த கூட்டத்தில் உணவகத் தொழிலாளர் ஒருவர் ஆற்றிய உரை. அவர் கேட்டுக்கொண்டதால் பெயர் வெளியிடப்படவில்லை.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஈப்போவில் ஓர் உணவகத்தில் தோசைக்கல் முன்னால் நிற்பவன் நான். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். பேசச் சொன்னார்கள். என் பாஸ்போர்ட் கதையைச் சொல்கிறேன்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 10 ஆண்டு காலம். இங்கே பெர்மிட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் காலம் இல்லையென்றால் பெர்மிட் கிடையாது. பெர்மிட் இல்லையென்றால், நேற்று வரை உங்களுக்குத் தோசை சுட்டவன் இன்று கள்ளக் குடியேறி.

என் பாஸ்போர்ட் முதலாளியின் மேசை டிராயரில் இருந்தது. நான் வந்த அன்றே வாங்கிப் பூட்டிவிட்டார். காலம் முடிய எட்டு மாதம் இருக்கும்போது கேட்டேன். “கொடுத்தால் ஓடிவிடுவாய்” என்றார். ஆறு மாதம் கெஞ்சினேன். கடைசியில் ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் கொடுத்தார்.

ராத்திரி பஸ் பிடித்துக் கோலாலம்பூர் போனேன். சைபர் கஃபேயில் மனுவை நிரப்பிய தம்பி, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என் அப்பா பெயரைப் போட்டுவிட்டார். பழைய புத்தகத்தில் அந்தக் கட்டம் காலி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறை போட்டோ சரியில்லை என்றார்கள். மூன்றாம் முறைதான் மனுவை வாங்கினார்கள். மூன்று நாள் சம்பளம் போனது. “எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லக் கூடாதா?” என்று கேட்க வாய் திறந்தேன். அதற்குள் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிறகு ஊரில் போலீஸ் விசாரணை. வாசலில் காவலர் வந்து நின்றதும், “என் மகன் அங்கே என்ன தப்புச் செய்தான்?” என்று அம்மா அழுதிருக்கிறார்.

புதுப் புத்தகம் வருவதற்குள் பெர்மிட் முடிந்துவிட்டது. கையில் ரசீது மட்டும். கடையையும் மேல்மாடி அறையையும் விட்டு வெளியே கால் வைக்கவில்லை. காய்ச்சலுக்கு மருந்து வாங்கக்கூடப் போகவில்லை.

அந்த மாதத்தில்தான் தங்கை மகனுக்குக் காதணி விழா. தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் கேட்கலாம். ஆனால் அது ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். போனால் வேலை போச்சு. பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்தினார்கள். எனக்குப் போட்டோ வந்தது.

கடைக்குச் சாப்பிட வரும் ஓர் அக்காதான் உதவினார். தோட்டத்தில் பிறந்தவர். அவர் பாட்டி சிவப்பு அடையாள அட்டையோடே கண்மூடியவராம். “தாள் இல்லாதவன் பாடு எங்களுக்குத் தெரியும்” என்றார். முதலாளியிடம் பேசி, குடிநுழைவுத் துறைக்கும் கூடவே வந்தார். பெர்மிட் கிடைத்தது. தாமதத்துக்கான பணம் என் சம்பளத்தில் கழிந்தது.

அந்த அக்கா சொல்லித்தான் எனக்குச் சட்டம் தெரியும். 1966 பாஸ்போர்ட் சட்டப்படி, அடுத்தவர் பாஸ்போர்ட்டை உரிமையின்றி வைத்திருந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பெர்மிட் இல்லாமல் தங்கினால் எனக்கும் அபராதம், சிறை உண்டு. இரண்டுமே குற்றம்தான். ஆனால் பயந்து ஒளிந்தவன் நான் மட்டும்தான்.

தோழர்களே, முடிவுத் தேதியை இன்றே பாருங்கள். ஓராண்டுக்கு முன்பே மனுச் செய்யலாம். எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்து வையுங்கள்.

இந்நாட்டுக் குடும்பங்களே, உங்களிடம் பணம் கேட்கவில்லை. உங்களுக்குப் பரிமாறும் தம்பியிடம், “பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா?” என்று ஒருமுறை கேளுங்கள். இல்லை என்றால், அந்த அக்காவைப் போல் கூட வாருங்கள்.