பரணில் தூங்கும் மலர்கள்

கருத்தரங்குக்குப் போய் வருகிறவர் தோளில் ஒரு ஜோல்னாப் பை தொங்கும். உள்ளே கனமாக ஒரு மாநாட்டு மலர். வீட்டுக்கு வந்ததும் அது பரணில் ஏறிவிடும். பிறகு ராமபாணப் பூச்சிதான் படிக்கும்!

தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் முன்னின்ற உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964-ல் டெல்லியில் பிறந்தது. அதன் முதல் மாநாடு 1966-ல் கோலாலம்பூரில். அங்கே படித்த கட்டுரைகளைக் கேட்க வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

1999-ல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு. அதையொட்டி வந்த ‘தமிழ்99’ விசைப்பலகை இன்று கைபேசியிலேயே இருக்கிறது. கூடிப் பேசியதற்கு அதுதான் பலன்.

டீ இடைவேளைப் பேச்சை இணையத்தில் ஏற்ற முடியாது. அதற்காக நேரில் கூடுங்கள். கட்டுரைகளை மட்டும் மாநாட்டன்றே எல்லாரும் படிக்க இணையத்தில் போட்டுவிடுங்கள். பரணில் இருப்பதையும் இறக்கி ஸ்கேன் செய்யுங்கள், ஐயா!