வாத்தும் வளர்ப்போம், நிலத்தையும் கேட்போம்

(கொழும்பில் தொழில் செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் கொட்டாஞ்சேனையில் கூடிய கூட்டத்தில், சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் வெள்ளவத்தை வீடுகளிலும் வாரம் முழுக்க உழைத்துவிட்டு, கிடைக்கும் ஒரு ஓய்வு நாளில் இங்கே வந்திருக்கிறீர்கள். ஊருக்கு அனுப்பும் காசில் கொஞ்சம் போட்டு வீட்டில் வாத்து வளர்க்கலாமா என்று உங்களில் பலர் கேட்டீர்கள். வளர்க்கலாம். எப்படி என்பதை முதலில் சொல்கிறோம். அதைக் காட்டி நம்மை யாரும் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதைப் பிறகு சொல்கிறோம்.

நாம் வாத்து என்பதை வடக்கு கிழக்கில் தாரா என்பார்கள். முட்டைக்கு ஏற்றது காக்கி கெம்பல் இனம். நல்ல தீனி கொடுத்தால் ஆண்டுக்கு 250 முட்டை வரை இடும். ஆனால் அது சரியாக அடைகாக்காது. குஞ்சு வேண்டுமானால் முட்டையை அடைக்கோழிக்கு வைக்க வேண்டும். கோழிக் குஞ்சு 21 நாளில் வரும், வாத்துக் குஞ்சுக்கு 28 நாள் பொறுக்க வேண்டும். முட்டை மட்டும் போதுமென்றால் ஆண் வாத்தே தேவையில்லை.

ஐந்து பெட்டையோடு தொடங்குங்கள். ஐந்தும் சேர்ந்து நாளொன்றுக்கு முக்கால் கிலோ அளவு தீனி தின்னும். சோறு, மரக்கறிக் கழிவு, கீரை, தோட்டத்து நத்தை, புழு எல்லாம் அந்தச் செலவைக் குறைக்கும். தீனிக்குப் பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பூஞ்சணம் பிடித்த சோளத்தையும் புண்ணாக்கையும் கொடுக்கவே கூடாது. அந்த நஞ்சைக் கோழியை விட வாத்து தாங்காது. நம் மலை ஈரத்தில் தீனி மூட்டையை வெறுந்தரையில் வைத்தால் சீக்கிரம் பூத்துவிடும். பலகை மேல் வையுங்கள்.

குளம் வேண்டாம். தலையை முக்கிக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ள ஒரு பேசின் தண்ணீர் போதும். தாயில்லாமல் வளரும் குஞ்சுகளைத் தண்ணீரில் விடாதீர்கள். இறகில் எண்ணெய்ப் பசை இல்லாததால் நனைந்து குளிரில் செத்துவிடும். நுவரெலியாப் பக்கத்துக் குளிருக்கு முதல் மூன்று நான்கு வாரம் பல்பு வெளிச்சத்தின் சூடு வேண்டும்.

இரவில் கூட்டில் அடைக்க வேண்டும். நாயும் மரநாயும் சும்மா விடாது. வாத்து பெரும்பாலும் விடியற்காலையில் முட்டையிடும். எட்டு ஒன்பது மணிக்குப் பிறகு திறந்துவிட்டால் முட்டை கூட்டிலேயே கிடைக்கும், கானில் தேட வேண்டியதில்லை. முட்டையை நன்றாக அவித்தே உண்ணுங்கள். நோய்த் தடுப்புக்கு அரச கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். வாத்துக்கூட்டைக் கோழிக்கூட்டோடு சேர்க்காதீர்கள். கேரளத்துக் குட்டநாட்டில் 2014இல் பறவைக் காய்ச்சல் வந்தபோது பெருந்தொகை வாத்துகளைக் கொல்ல வேண்டியதாயிற்று.

லயத்துக்கென்று இன்னும் இரண்டு விஷயம். பீலிக்கு மேலே கூடு போடாதீர்கள். வாத்து எச்சம் கலந்த தண்ணீரைக் கீழ் லயத்துப் பிள்ளைகள் குடிக்க நேரும், சண்டையும் வரும். மலையில் மருந்தடிக்கும் நாட்களில் வாத்தைக் கானுக்குப் போகவிடாதீர்கள்.

முட்டையை முதலில் யாருக்குக் கொடுப்பது? 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 17.3 சதவீதம். தோட்டப் புறத்தில் மட்டும் 31.7 சதவீதம். மூன்றில் ஒரு பிள்ளை! ஆகவே முதல் முட்டை வீட்டுப் பிள்ளைக்கும் கர்ப்பிணித் தாய்க்கும்தான். மிஞ்சினால் விற்போம்.

தோழர்களே, இந்த வேலையை யார் செய்வது? விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளையை விட்டுவிட்டு, கொழுந்துக்கூடையோடு மலையேறும் அம்மாவின் தலையில் இதையும் கட்டினால் அது உதவியல்ல, சுமை. கூடு கழுவுவதும் தீனி வைப்பதும் ஆண்களின் வேலையாகவும் இருக்கட்டும். ஊரிலிருக்கும் அப்பாவிடமும் தம்பியிடமும் அதைப் பேசிவிட்டுத்தான் காசு அனுப்புங்கள்.

இப்போது இரண்டாவது விடயம். ‘கோழி வளருங்கள், வாத்து வளருங்கள், வருமானத்தைப் பெருக்குங்கள்’ என்று நமக்கு அறிவுரை சொல்பவர்கள் உண்டு. அறிவுரையை ஏற்போம். ஆனால் சம்பளத்துக்குப் பதிலாக அதை ஏற்கமாட்டோம். 2021இல் ஆயிரம் ரூபாய்க்கும் 2024இல் 1,350 ரூபாய்க்கும் எத்தனை கூட்டம், எத்தனை போராட்டம் என்பதை நாம் அறிவோம். ஐந்து வாத்து ஒரு நாளைக்கு மூன்று முட்டை தரும். அந்த மூன்று முட்டை ஒரு நாள் பேரை ஈடுகட்டாது. பொன் முட்டையிடும் வாத்தாக இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தவர்கள் நாம். அந்த வாத்துக்கே தீனி போதவில்லை என்பதுதான் நம் வழக்கு.

கூடு போட நிலம் வேண்டும். லயத்துக்குப் பின்னாலுள்ள துண்டு நிலம் இன்றும் நிர்வாகத்துக் கணக்கில்தான் இருக்கிறது. ‘எடு’ என்றால் எடுக்க வேண்டும். தனி வீட்டோடு 7 பேர்ச் காணி என்றார்கள். அது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் ஒரு வீடு, ஒரு மரக்கறிப் பாத்தி, ஒரு வாத்துக்கூடு வைக்கலாம். உறுதி கையில் இருந்தால் அதைக் கலைக்க ஒருவராலும் முடியாது. அந்த உறுதி இன்னும் எத்தனை குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை என்பது உங்கள் வீடுகளுக்கே தெரியும்.

ஆகவே ஊருக்குப் போகும்போது இரண்டு வேலை செய்யுங்கள். கூட்டுக்கான இடத்தைத் தோட்டக் கமிட்டித் தலைவரோடு சேர்ந்து பார்த்து, நிர்வாகத்திடம் அனுமதியை எழுத்தில் கேளுங்கள். காணி உறுதி கிடைக்காத குடும்பங்களின் பெயர்களை லயம் லயமாக எழுதிச் சங்கத்திடம் கொடுங்கள். வாத்துக்குஞ்சு வாங்கக் காசை நீங்கள் சேருங்கள். காணிக்காக நாம் எல்லோரும் சேர்ந்து நிற்போம்.