நியாய விலையும் நமது கடமையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைத் தொழிலை இன்றளவும் தாங்கி நிற்பவை நம் தாய்மார் சகோதரிகளின் கைகளே. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய 4½ கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதைக் கிள்ளிய கைக்குச் சேருவது எவ்வளவு? இக்கேள்வியைக் கேட்பதே நியாய வர்த்தகம்.

அம்முத்திரையின்கீழ் தேயிலை வாங்கும் வெளிநாட்டு வணிகர் விலைக்குமேல் ஒரு தொகையும் செலுத்துகின்றனர். அதைச் செலவிடும் வகையைத் தொழிலாளர் தெரிந்தெடுத்த குழுவே தீர்மானிக்கின்றது. ஆயினும், முத்திரையோடு விற்பனையான தேயிலைக்கு மட்டுமே அத்தொகை உண்டு. வாங்குவோர் பெருகினாலன்றிப் பலன் பெருகாது.

இத்தகைய குழு உள்ள தோட்டங்களில் அதன் கணக்கை வாலிபர் கேட்டறிய வேண்டும். கொழுந்து பறிக்கும் சகோதரிகளும் அதில் அமர்ந்து பேசுவதற்குப் பெரியோர் துணைநிற்க வேண்டும்.

நாமும் வாங்குவோரே அல்லவா? மரக்கறித் தோட்டக்காரரின் லீக்ஸுக்கும் கரட்டுக்கும் விலை பேசுகையில் அவர் உழைப்பையும் எண்ணுவோம். திருவிழா அன்னதானத்தில் சோற்றை வீணாக்காதிருப்போம். பிளாஸ்டிக் கோப்பைகளை விலக்குவோம். நம் ஓடையில் எறிவது கொத்மலை நீர்த்தேக்கத்தையே சென்றடையும்.

பிறரிடம் நாம் கோரும் நியாயத்தை நாமும் பிறருக்கு வழங்குவோமாக!