உப்புக்காற்றும் கார் சக்கரமும்

புதுச்சேரி அரியாங்குப்பத்துக்கு வீராம்பட்டினம் கடற்கரை கூப்பிடு தூரம். உப்புக்காற்றுக்கு முதல் இரை, காரின் இரும்புச் சக்கரம்தான்.

வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாம். ஆனால் வேலையில் முக்கால்வாசி தேய்ப்பதுதான். சக்கரத்தைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி உப்பைப் போக்குங்கள். துருவை வயர் பிரஷால் சுரண்டி, 80-ஆம் நம்பர் உப்புத்தாள், பிறகு 320. தின்னரால் துடைத்து, டயரைக் காகிதத்தால் மூடி, பிரைமர். அது காய்ந்ததும் பெயின்ட். ஒரேயடியாக அப்பாமல், மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

அலாய் சக்கரம் துருப்பிடிக்காது. ஆனால் பூச்சுக்கு அடியில் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து கொப்புளிக்கும். விரிசல் தெரிந்தால் பெயின்ட் டப்பாவைத் தொடாதீர்கள், சக்கரத்தையே மாற்றுங்கள்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. நட்டு உட்காரும் குழியிலும், ஹப்போடு ஒட்டும் பின்பக்கத்திலும் பெயின்ட் படவே கூடாது. ஓட ஓட அந்தப் பூச்சு நசுங்கும், நட்டு தளரும். மாட்டிய பிறகு கடலூருக்கு ஒருமுறை போய்வந்ததும், எல்லா நட்டுகளையும் மறுபடி முடுக்கிப் பார்த்துவிடுங்கள்.