திருமலைக்கு நடந்து போன ஒரு நாள்

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



திருமலைக்குப் போகாதவர் இங்கே இருக்க மாட்டார்கள். நடந்து போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் உயரும் கைகள் குறைவு. நானும் அந்த ரகம்தான். சித்தூரில் உத்தியோகம் பார்த்த நாட்களில் பல முறை ஜீப்பில் மலையேறியிருக்கிறேன். பி.எஸ்ஸி.யில் ஜியாலஜி படித்தவன், ஆனாலும் வழியில் ஒரு நாள்கூட இறங்கிப் பாறையைப் பார்த்ததில்லை.

சென்ற புரட்டாசியில், எழுபத்து நாலு வயதில், என் சகதர்மிணியுடன் அலிபிரியிலிருந்து புறப்பட்டேன். சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பயந்து புதன்கிழமை. மூட்டையைக் கீழே ஒப்படைத்தால் தேவஸ்தானத்தார் இலவசமாக மேலே சேர்த்துவிடுகிறார்கள். இந்த வழியில் 3,550 படிகள், ஸ்ரீவாரி மெட்டில் 2,388தான். "ராமானுஜர் முழங்காலாலே ஏறின வழியிலேதான் போகணும்" என்று இவள் பிடிவாதம்.

காலி கோபுரம் வரை சிரமமில்லை. முழங்கால் முறிச்சானில் நெஞ்சு படபடத்தது. ஸ்டென்ட் வைத்த நெஞ்சு. இருதயக் கோளாறு உள்ளவர்கள் நடந்து வர வேண்டாமென்று தேவஸ்தானம் 2024-ல் அறிவித்ததைப் படித்தும் இருந்தேன்.

"டாக்டரைக் கேட்டேளா?"

நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவள் அரைமணி நேரம் பேசவேயில்லை.

அப்போதுதான் அருகிலிருந்த பாறையைப் பார்த்தேன். குவார்ட்சைட். அடிவாரத்தில் இருந்தது கிரானைட். கிரானைட் தேய்ந்து மட்டமான பிறகு அதன்மேல் மணல் படிந்து இறுகியது இந்தக் குவார்ட்சைட். இரண்டுக்கும் நடுவே சுமார் 80 கோடி வருஷ இடைவெளி. கார் போகும் மலைப்பாதையில் அந்தக் கோடு வெறும் கண்ணுக்கே தெரியும். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. ஃபைலைப் புரட்டியபடியே நான் எத்தனை முறை அதைக் கடந்தேனோ! நடைபாதையில் அது படிகளுக்கு அடியில் எங்கோ மறைந்து கிடக்கிறது.

"திரும்பிடலாமா?" என்றேன்.

"நின்னு நின்னு போலாம். பெருமாள் எங்கேயும் போயிடமாட்டார்."

பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, தரிசனமும் ஆயிற்று. சாயங்காலம் ஜீப் பிடித்துச் சிலாதோரணம் போனோம். அதே குவார்ட்சைட்தான். காற்றும் நீரும் அரித்து 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்துக்கு இயற்கையாகவே வளைவு அமைந்திருக்கிறது. அதற்கு மேல் நாராயணகிரி, ஸ்ரீபாதம் இருக்கும் சிகரம், சுமார் 3,600 அடி. கடைசிப் படிகளில் அவள் முன்னே, நான் பின்னே.

இறங்குமுன் டாக்டருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். அவர் சொன்னது இந்தச் சபையில் சொல்லத்தக்கதல்ல.